ஒரு குடத்துக்கு மேல் தூக்காதே

அன்று சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் எடைமேடையைச் சுற்றி நின்றவர்களைச் சொல்கிறேன்.

பார்சல் கிளார்க். எங்கள் குழுவில் கிடார் வாசிப்பவர். குழுவுக்குத் தலைவரும் அவரே.

டிரம் அடிப்பவர். சூரமங்கலத்தில் ரொட்டி போடுகிறவர். முழங்கை வரை மாவோடு அப்படியே வந்திருந்தார்.

பாட்டுக்காரர். வெண்ணந்தூரில் தறி. நூல் வாங்க சேலம் வந்தவர், நூல் கட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

கூட்ஸ் ஷெட் லோடுமேன் ஒருவர். கதவில் சாய்ந்து நின்றார். கதவு சிறியதாகத் தெரிந்தது.

என் மனைவி. இடுப்பில் நிறைகுடம்.

நான்.

எடைமேடையின் நடுவில் ஆம்ப்ளி, என் பேஸ் கிடாரின் சத்தத்தைப் பெரிதாக்குவது. தேக்குப் பெட்டி, முன்னால் சாக்குத் துணி, பின்னால் வால்வுகள். ஒரம்பரையாக விருந்துக்கு வந்த பெரிய மனுஷர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கிளார்க் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். முள் ஓடியது. முப்பத்து நான்கு கிலோவில் நின்றது.

"எறக்குங்கப்பா. இப்பக் கொடத்த வெக்கட்டும்."

லோடுமேன் ஒரு கையால் பெட்டியை இறக்கினார். மனைவி குடத்தை வைத்தாள். கொஞ்சம் தளும்பி மேடையில் சிந்தியது. முள் பதினான்கில் நின்றது.

"சிந்துனதையும் சேத்துக்கோணுமுங்ண்ணா," என்றாள்.

"அது ஒரு வாய்த் தண்ணி தங்கச்சி."

"பைப்புல நின்னு புடிச்சவளுக்குத் தானுங்க தெரியும்."

டிரம்காரர் சிரித்தார். கிளார்க் சிரிக்கவில்லை. பார்சல் ஆபீசில் அவர் சிரிப்பதில்லை.

"பதினாலு," என்றார். "பொட்டி இதுக்குள்ள வந்தா அவரு வாசிக்கட்டும். வரலைன்னா தம்பி வாசிக்கட்டும்."

அவரு என்றது என்னை, தம்பி என்றது லோடுமேனை. அவர் தரையைப் பார்த்தார்.

குடம் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

ரயில்வே யார்டில் வண்டிகளைக் கோக்கும் வேலை எனக்கு. ஒரு மழைநாள் கொக்கியைத் தூக்கினேன். இடுப்பில் என்னவோ விட்டது. சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அந்த மழைக்காலம் முழுவதும் பலகையில் மல்லாந்து கிடந்தேன். எழுந்தபோது ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: "இனி ஒரு குடம் தண்ணிக்கு மேல தூக்காதே." பெண்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். எனக்கும் அதையே சொன்னார். வேலையை மாற்றிக் கொடிக்காரனாக்கினார்கள். கொடிக்கு எடை இல்லை.

ஆம்ப்ளிக்கு இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு சட்டம். வாசிக்கிறவன்தான் தூக்க வேண்டும். முன்பு ஒரு கல்யாணத்துக்கு அயோத்தியாப்பட்டணம் போனபோது டிரம்காரர் கையை வீசிக்கொண்டு நடந்தார். டிரம்மை நாங்கள் சுமந்தோம். பஸ் நிற்கிற இடத்தில் நான் சொன்னேன், "அவனவன் சாமானை அவனவன் தூக்கோணும். தூக்காதவன் வாசிக்க வேண்டாம்." எல்லோரும் சரி என்றார்கள். ஆக, சட்டம் என்னுடையது.

நான் கிடந்தபோது லோடுமேன் எனக்குப் பதிலாகப் போனார். பெட்டியைத் தோளில் வைத்து, கிடாரைக் கக்கத்தில் இடுக்கி, வெற்றிலை போட்டுக்கொண்டே நடந்தாராம். வாசிக்கவும் வாசித்தார். நன்றாகவே வாசித்தார்.

பேஸ் கிடார் பார்த்தவர்கள் அப்போது சேலத்தில் குறைவு. என்னுடையது கல்கத்தாவிலிருந்து ரயில் கார்டு ஒருவர் பிரேக் வேனில் கொண்டுவந்து கொடுத்தது. நான்கே கம்பிகள். தடித்த கம்பிகள். தட்டினால் தனியாக ஒன்றும் கேட்காது. ஆம்ப்ளியில் சொருக வேண்டும். சொருகினாலும் சனங்களுக்கு அது கேட்டதாகத் தெரியாது. நிறுத்தினால்தான் தெரியும், ஏதோ போய்விட்டது என்று.

எனக்கு அது வேறு இடத்திலிருந்து தெரியும். பலகையில் கிடந்த நாட்களில் கண்ணை மூடினால் யார்டு வண்டிகள் என் மேல் மெதுவாகப் போகும். வலிக்காது. மாத்திரை அப்படி. எங்கேயோ தூரத்தில் கூட்ஸ் வரும். காதுக்கு முன்னால் பலகைக்குத் தெரியும். பலகையிலிருந்து முதுகுக்கு. முதுகிலிருந்து பல்லுக்கு. அந்த நேரத்தில் வீடு தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். சுவரில் மாதா படம் மிதக்கும். மனைவி அடுப்படியில் இருந்து மிதந்து வந்து கஞ்சி கொடுத்துவிட்டு மிதந்து போவாள். வண்டி போன பிறகு எல்லாம் தரையில் வந்து உட்காரும். பிறகு நான் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பேன்.

கிடார் வாசித்தாலும் அதே. அதை விட மனசில்லை. அவ்வளவுதான்.

லேசான ஆம்ப்ளி தேடினோம். முதலில் மைக் செட்காரரிடம் போனோம். அவருடையது குழாய் ஸ்பீக்கர். கோயில் பாட்டுக்குச் சரி. பேஸ் கம்பியைத் தட்டினால் தகரத்தில் பல்லி விழுந்த மாதிரி இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

பிறகு ரேடியோ ரிப்பேர்காரர் ஒன்று செய்து தந்தார். ஜங்ஷன் ரோட்டில் கடை. வெளியே தகரப் பெட்டி, உள்ளே வால்வு, ஒரு சின்ன ஸ்பீக்கர். தூக்கிப் பார்த்தேன். ஒரு விரலில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடு வரை அதை வீசிக்கொண்டே போனேன். கனவில் பஞ்சுமூட்டை தூக்கியது மாதிரி இருந்தது. தெருவில் கால் பாவவில்லை.

மாதா கோயிலுக்குப் பின்னால் எங்களுக்குப் பாட்டுப் பழக ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சாயந்திரம் ரிப்பேர்காரரும் கூட வர, அங்கே சொருகினேன். ஒரு கை கம்பியில். பாட்டுக்காரரின் மைக்கை நகர்த்த மறுகையால் தொட்டேன்.

கரண்டு சுருட்டி இழுத்தது. உட்கார்ந்துவிட்டேன். கிடார் மடியில் கிடந்தது. தோள்வரை எறும்பு ஓடியது.

ரிப்பேர்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். "ஒண்ணுமில்லீங்க. இதுல டிரான்ஸ்பார்மர் கெடையாது. அதனாலதான் லேசு. கரண்டு நேரா தகரத்துக்கு வந்துரும். பிளக்கத் திருப்பிச் சொருவுனாச் சரியாப் போயிருமுங்க."

"கச்சேரிக்குப் போற ஊர்ல எது நேரு, எது திருப்புன்னு யாருகிட்டக் கேக்கறது?" என்றார் டிரம்காரர். "ஒவ்வொரு ஊர்லயும் இவர ஒருக்காத் தொட்டுப் பாக்கச் சொல்றதா?"

"லேசா இருக்கோணும்னீங்க. லேசாக் குடுத்தேன்."

"ஆளையும் லேசாக்கீருவீங்க போல."

மனைவிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. வீட்டுக்குப் போனபோது சோறு போட்டாள். கை கழுவும்போதுதான் சொன்னாள்.

"அந்தத் தகரம் ஊட்டுக்குள்ள வரக்கூடாதுங்க."

"வராது."

"இடுப்பு போச்சு, பரவால்ல. மிச்சம் இருக்கட்டும்."

மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்.

ரிப்பேர்காரர் விடவில்லை. பழைய தேக்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். திருகாணிகளைக் கழற்றினார். டிரான்ஸ்பார்மரும் வால்வுகளும் உட்கார்ந்த இரும்புத் தட்டு ஒன்று. ஸ்பீக்கர் மாட்டிய முன்பலகை ஒன்று. இரண்டும் வெளியே வந்த பிறகும் பெட்டி அசையவில்லை.

"கனம் பூரா மரந்தானுங்க," என்றார்.

மரத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் இணைத்து வாசித்தேன். ஷாக் இல்லை. ஆனால் பேஸும் இல்லை. முறத்தை விரலால் சுண்டினால் எப்படி? அப்படி. கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொட்டியில்லாமச் சத்தமில்ல. பொட்டியோட உன்னால தூக்க முடியல. வெண்ணந்தூர்ப் பண்டிகை வருது. அது வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் தம்பி கையில குடுத்துரு."

"சரி," என்றேன்.

"எனக்கொண்ணும் அவசரமில்லீங்ண்ணா," என்றார் லோடுமேன்.

"சட்டம்னா சட்டம்," என்றார் கிளார்க்.

என் சட்டம்.

வெண்ணந்தூர் மாரியம்மன் பண்டிகைக்குக் கிளம்பினோம். அது என் கடைசிக் கச்சேரி என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே போய்ப் பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம் என்று இரும்புத் தட்டையும் முன்பலகையையும் சாக்கில் கட்டி மடியில் வைத்திருந்தேன். தேக்குப் பெட்டியை லோடுமேன் பஸ் ஸ்டாண்டு வரை சுமந்து வந்தார். கண்டக்டர் பார்த்தார்.

"இதென்னுங்க, சவப்பெட்டியா?"

"பாட்டுப்பெட்டி."

"மேல நெல்லு மூட்டை. உள்ள சனம். எதப் போட்டாலும் அதப் போட மாட்டேன். அடுத்த வண்டிக்கு நில்லுங்க."

அடுத்த வண்டியில் கொண்டுவருவதாக லோடுமேன் பெட்டியோடு நின்றார். நாங்கள் போனோம்.

வழியெல்லாம் மரவள்ளிக்கிழங்கு மாவு காயப்போட்டிருந்தார்கள். மேட்டு நிலம் முழுக்க வெள்ளை. வெயிலில் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருந்தது. பெண்கள் அதன் நடுவில் முழங்கால் தெரிய நடந்தார்கள். ஏரியில் நடக்கிறார்கள் என்றே தோன்றியது. நான் தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. மடியில் டிரான்ஸ்பார்மர் கனத்தது. பஸ் உறுமியது. அந்த உறுமல் இரும்பு வழியாகத் தொடைக்கு வந்தது. இது போதும், இப்படியே போய்க்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். அலவாய்மலை ஜன்னலில் வந்து நின்றது. எழுந்துவிட்டேன்.

பாட்டுக்காரர் வீட்டில் இறங்கினோம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். பண்டிகை நாளிலும் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டிருந்தன. காலையில் பாவு நூலுக்குக் கஞ்சி தோய்த்திருக்கிறார்கள். வாசலெல்லாம் ஈரம். சாமானை வைக்கக் காய்ந்த இடம் இல்லை. மூலையில் கஞ்சி மொடா நின்றது, பெரிய மண்பானை. இடுப்பு உயரம். அநேகமாகக் காலி. இரும்புத் தட்டைப் பெஞ்சில் வைத்தேன். முன்பலகையை எங்கே வைப்பது? மொடாவின் வாயில் வைத்தேன். மண்விளிம்பு கரகரத்தது. பலகை கீறிவிடும். மனைவி தண்ணீர்க் குடத்துக்குத் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணி சாக்குக்குள் இருந்தது. வால்வு ஆடாமல் இருக்க அவள் சுற்றி விட்டது. அதை வளையமாக விளிம்பில் வைத்து அதன் மேல் பலகையை உட்கார்த்தினேன். ஸ்பீக்கரின் முதுகு மொடாவுக்குள் போயிற்று. முகம் வானத்தைப் பார்த்தது.

பெட்டி வரும் வரை சுருதி சேர்க்கலாம் என்று சொருகினேன். வால்வு சூடாகக் காத்திருந்தேன். தடித்த கம்பியை ஒரு தடவை தட்டினேன்.

தரையிலிருந்து வந்தது.

சத்தம் என்று சொல்ல முடியாது. ஈர வாசல் ஒரு மூச்சு விட்டது. கூரை ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்காய் எழுந்து பறந்தது. எதிர்வீட்டுத் தறி நின்றது. இன்னொரு தடவை தட்டினேன். பலகையில் கிடந்த மழைக்காலம் அப்படியே திரும்ப வந்தது. வீடு மிதந்தது. பாட்டுக்காரர் வாயைத் திறந்தபடி மிதந்தார். கிளார்க் தூணைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து பாட்டுக்காரரின் மனைவி ஓடிவந்தார்.

"என்ற மொடாவுக்குள்ள என்னத்த உட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க, பாட்டு," என்றார் டிரம்காரர்.

"பாட்டுப் பாடறதுக்கு உங்களுக்கு வாயி இல்லீங்களா? நாளைக்குக் கஞ்சி எதுல காச்சறது?"

"காச்சறதுக்குள்ள குடுத்துருவோமுங்க."

பாட்டுக்காரரின் மனைவி மொடாவின் வயிற்றில் கையை வைத்தார். நான் தட்டினேன். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"வயித்துப்புள்ள ஒதைக்கற மாதிரி இருக்குது," என்றார். பிறகு திட்டவில்லை.

அடியில் கொஞ்சம் கஞ்சி தேங்கியிருந்தது. அதையும் கவிழ்த்து ஊற்றிப் பார்த்தோம். சத்தம் இன்னும் கீழே இறங்கியது. ஊற்றியதை ஆடு நக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த பஸ்ஸில் லோடுமேன் வந்தார். பெட்டியோடுதான் வந்தார். தோள் சிவந்திருந்தது. பெட்டியை இறக்கிவிட்டு மொடாவைப் பார்த்தார். நான் வாசித்துக் காட்டினேன். அவர் தரையில் உள்ளங்காலை ஊன்றி நின்றார்.

"அப்ப இத எதுக்குங்ண்ணா நான் தூக்கிட்டு வந்தேன்?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். கிளார்க்கும்.

பொழுது சாயும் நேரம் கச்சேரி. பெஞ்சுகளைச் சேர்த்த மேடை. மலை கறுக்கத் தொடங்கியிருந்தது, மேலே வானம் மட்டும் வெளுப்பு. மொடாவை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் குனிந்தேன். லோடுமேன் என்னை நகர்த்திவிட்டு மொடாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

கிளார்க் கை நீட்டித் தடுத்தார். "தூக்கறவன் வாசிக்கோணும். சட்டம்."

மொடாவோடு லோடுமேன் நடுவழியில் நின்றுவிட்டார். நானும் நின்றேன். பாட்டுக்காரர் நூல்காரர், முடிச்சு அவிழ்த்துப் பழகியவர்.

"மொடா நம்ம சாமானுங்களா?" என்றார். "ஊருச் சாமான். கச்சேரி வெக்கிற ஊரு பெஞ்சு குடுக்குது, பந்தல் குடுக்குது. அத எந்தக் கச்சேரியிலயாவது நாம தூக்கியிருக்கறமா?"

"அடுத்த ஊருல?"

"மொடா இல்லாத ஊரு எங்கீங்க இருக்குது?"

கிளார்க் யோசித்தார். "அப்படின்னா தட்டும் பலகையுந்தான் கணக்கு," என்றார். "எடை போட்டுப் பாத்துத்தான் சொல்லுவேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு வாசி."

மொடா மேடை ஏறியபோது சனங்கள் சத்தம் போட்டார்கள். "பொங்கல் வெக்கப் போறாங்கடா!" "வெறகெங்க?" யாரோ அரிசியே எறிந்தார்கள். ஸ்பீக்கர் மேல் விழுந்தது. நான் முதல் கம்பியைத் தட்டினேன். அரிசி எழும்பிக் குதித்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கையால் தரையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு பேச்சு நின்றது.

எத்தனை பாட்டு வாசித்தோம் என்று நினைவில்லை. விளக்கு மங்கி மங்கி எரிந்தது. கரண்டு அப்படி. விளக்கு மங்கும்போது சத்தமும் உள்ளே போகும். பிரகாசமாகும்போது வெளியே வரும். கூட்டம் முழுக்க ஒரே மூச்சில் இருப்பது போலிருந்தது. கோயில் வேப்பமரம் மெதுவாக நகர்ந்தது. இடுப்பு வலித்ததா என்று பிறகு யோசித்தேன். வலித்திருக்கும். நான் அங்கே இல்லை. மரம் நகர்ந்த பக்கம் நானும் போய்க்கொண்டிருந்தேன். கீழே ஒருவர் தாளம் போட்டார். லோடுமேன். கண் மூடியிருந்தார். அவருக்கும் அந்த இடம் தெரியும். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

கடைசிப் பாட்டுக்குக் கிடாரை அவரிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். மறுபடி நீட்டினேன். வாங்கி வாசித்தார். நான் கீழே இறங்கி அவர் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டேன். காலில் கேட்டேன்.

தேக்குப் பெட்டியைப் பாட்டுக்காரர் வீட்டிலேயே விட்டுவிட்டோம். அவர் மனைவி அதில் நூல்கண்டு வைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்வி.

ஊர் திரும்பிய பிறகு பார்சல் ஆபீசுக்கு அதே ஆட்கள் வந்தோம். பாட்டுக்காரர் மட்டும் இல்லை. மனைவி குடம் கொண்டுவரவில்லை; அதன் பதினான்கு கிலோ எல்லோருக்கும் மனப்பாடம். கையை வீசிக்கொண்டு வந்தாள். வண்டி எதுவும் இல்லாத நேரம். பிளாட்பாரத்தில் வெயில் படுத்திருந்தது.

இரும்புத் தட்டை வைத்தேன். அதன் மேல் முன்பலகை. நானே தூக்கி நானே வைத்தேன்.

"சும்மாட்டையும் வெய்யிங்க," என்றாள். "அதுவும் போகுதில்ல."

சும்மாட்டையும் வைத்தேன். முள் ஆடியது. கிளார்க் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். முள் நிற்கும் வரை குனிந்து பார்த்தார். பிறகு படித்தார்.

பதிமூன்று கிலோ.